பட்ட மரத்துள்ளும் உயிர் உண்டு

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நாகமலை புதுக்கோட்டையில் ஆற்றிய உரை)

 

நம் ஊருக்கு அண்மையில், கீழக்குயில்குடிச் சமணர் மலையின் பேச்சிப்பள்ளத்தில், அரவம் படம் விரித்துக் குடைபிடிக்கப் பார்சுவநாதர் நிற்கிறார். தீ வளர்த்துத் தவம் செய்த ஒருவன் விறகுக்கட்டையைப் பிளக்க முற்பட்டபோது, அதனுள் பாம்பிணை இருப்பதை உணர்ந்து அவர் தடுத்த வரலாறு நம் குழந்தைகளும் அறிந்ததே. நம் வீட்டு விறகுக்குள் இருப்பவை எவை?

நீள்கொம்பு வண்டுகள் என்றொரு குடும்பம் உண்டு. உலகில் 30,000க்கும் மேற்பட்ட வகையின. பலவற்றுக்கு உணர்கொம்பு உடலினும் நீண்டிருக்கும். இவற்றுள் சில வகைகள் பூக்களை நாடி, மகரந்தமும் தேனும் உண்டு, பூந்தூளை மலர்விட்டு மலர் சேர்க்கின்றன.

பூவின்மேல் நாம் காண்பது அவ்வுயிரின் இறுதிப் பருவமே. தாய்வண்டு மரத்தின் வெடிப்பில் முட்டையிடும். வெளிவரும் புழு மரத்தைக் குடைந்து, அரைத்த தூளைப் பின்னே அடைத்துக்கொண்டு இருளிலேயே வளரும். சில வகைகளுக்கு இதற்கே ஓராண்டுக்கும் மேலாகும். அங்கேயே கூட்டுப்புழுவாகி, பின் துளையிட்டு வெளியேறும் வண்டு சில வாரங்களே வாழும்.

தொல்காப்பிய மரபியல் தும்பியை நாலறிவுயிராக வைக்கிறது. தத்துவார்த்த சூத்திரமும் வண்டினத்துக்கு நான்கு பொறிகளை உரைக்கிறது. தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல் ஆகிய நான்கும் இவ்வண்டுக்கு உண்டு. அத்தகைய உயிர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாம் ‘வெறுங்கட்டை’ என்று எண்ணும் மரத்துக்குள் கழிக்கிறது.

‘வீட்டு மூங்கிலை இது அரித்தால் என் செய்வது?’ என்று சிலர் வினவலாம். மூங்கில் துளைக்கும் நீள்கொம்பு வண்டும் உண்டென்பது உண்மையே. வெட்டிய மூங்கிலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பின் நிழலில் உலர்த்துவது நம் முன்னோர் வழக்கம். ஊறிய மூங்கிலில் மாவுச்சத்து குறையும். பூச்சி அண்டுவதும் குறையும். வந்தபின் கொல்வதினும் வராமற் காப்பதே சாவக நெறிக்கு உகந்தது.

ஆகவே, விழாச் சமையலுக்கு விறகு எடுக்கும்போது தட்டிப் பாருங்கள். துளையும் புதிய மரத்தூளும் காணும் கட்டையை அடுப்பிலிடாமல் தோட்டத்து நிழலில் ஒதுக்கி வையுங்கள். பட்டுவிழுந்த மரத்தைத் தோட்ட மூலையில் மட்கவிடுங்கள். சருகுக் குவியலுக்குத் தீ வைக்காதீர்கள். பூசைக்குப் பறிக்கும் மலரை மெல்ல உதறி எடுங்கள். முனிவர் மயிற்பீலியால் இடத்தைத் தடவி அமர்வது, கண்ணுக்குத் தெரியாத உயிரையும் எண்ணித்தான். இல்லறத்தார்க்கு அப்பீலி, செயலுக்குமுன் ஒரு கணம் நின்று பார்க்கும் பொறுமையே.

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புறுக!