கண்மாயும் கந்தகமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்திய நாட்டில் உருவாகும் பட்டாசில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு சிவகாசி வட்டாரத்தில் உருவாகிறது என்பர். அப்பட்டாசைத் தீபாவளியன்றும் கொளுத்தாத ஊர்கள் ஒரு காலத்தில் இதே மாவட்டத்திற்குள் இருந்தன. 1985இல் பிரிக்கப்படும்வரை விருதுநகரும் சிவகங்கையும் ஒன்றுபட்ட இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதிகளே. அக்காலத்தில், 1977இல், பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது வேட்டங்குடி. மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் செல்லும் சாலையருகே அமைந்தது அது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்களும் சேர்ந்து 38.4 ஹெக்டேர்தான். பரப்பால் மிகச் சிறியது. புகழ் வந்தது ஊராரால்.

கண்மாயை ஒட்டிய ஊரார் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. திருமணத்திற்கும் இல்லை, இறுதி ஊர்வலத்திற்கும் இல்லை. தென்மாவட்டங்களில் வேட்டுச் சத்தமின்றிப் பிணம் எடுப்பது இறந்தவர்க்குச் செய்யும் குறை என்று கருதப்படும். ஆதலின் இறுதி ஊர்வலத்தில் வேட்டை விலக்கியதே தீபாவளி வெடியை விலக்கியதினும் அரிய செயல் எனல் தகும்.

இதன் காரணம் காலக்கணக்கில் உள்ளது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்குகிறது. கண்மாய் பெருகும்போது உள்ளே நிற்கும் கருவேல மரங்களின் அடி நீரில் மூழ்கும். நாயும் பூனையும் அணுக இயலாத அக்கிளைகளில்தான் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் கூடு முடைகின்றன. தீபாவளியும் அதே ஐப்பசியில் வருகிறது. ஓர் அணுகுண்டு வெடித்தால் அடைகாக்கும் பறவை கூட்டை விட்டு எழுந்துவிடும். அது திரும்புவதற்குள் காகம் முட்டையைக் கொத்திவிடும். ஒருநாள் கொண்டாட்டம் ஓர் ஆண்டின் ஈட்டையே அழிக்க வல்லது.

இவ்விடத்தில் கவிஞர் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். கவியரங்குகளில் இப்பறவைகள் யாவும் சைபீரியாவிலிருந்து வந்த விருந்தினர் ஆகிவிடுகின்றன. வலசை வரும் வாத்துகளும் உள்ளான்களும் குளிர்காலத்தில் வந்து போவது உண்மை. ஆயினும் இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நாரையும் நீர்க்காகமும் இந்நாட்டுப் பறவைகளே. நீரும் இரையும் தேடி ஊர்விட்டு ஊர் செல்லும். ஈனுங்காலம் வந்தால் நீர் நிறைந்த கண்மாயை நாடும். ஆகவே இவை விருந்தினர் அல்ல; பேறுகாலத்திற்குத் தாய்வீடு வரும் மகளிர். சத்திமுற்றப் புலவர் மனைவிக்குச் செய்தி விடுத்தபோதும், தம்மூர்க் குளத்தில் தங்குமாறே நாரையை வேண்டினார். நாரையைச் சொல்லும் இடத்தில் குளத்தைச் சொல்லாமல் அவரால் இருக்க இயலவில்லை.

ஊராரின் செயலை வெறும் அன்பு என்று பாடுவதும் பாதி உண்மையே. நத்தைகுத்தி நாரை வயல் நத்தையைத் தின்கிறது. பறவை எச்சம் கரைந்த நீர் மடை வழியே வயலுக்கு உரமாகப் பாய்கிறது. உழவர்க்கு இக்கணக்குத் தெரியும். வேடந்தாங்கல் உழவர்க்கும் தெரிந்திருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவர்கள் பறவைகளைக் காக்கும் உரிமையைக் கும்பினி ஆட்சியரிடம் எழுத்தில் பெற்றார்கள். நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் நாரைகள் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. எச்சத்தின் நாற்றத்தையும் அவற்றின் இரைச்சலையும் அவ்வூரார் பொறுத்துக்கொள்கின்றனர். 1994இல் சரணாலயமாகி, 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்ட குளம் அது. அரசாணை வந்தது பின்னர். காவல் இருந்தது முன்னர்.

இனிச் சிவகாசியின் பக்கம் வருவோம். வேட்டங்குடியைப் புகழ்வது பட்டாசுத் தொழிலாளியைப் பழிப்பது போல் இங்குச் சிலர்க்குத் தோன்றலாம். அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை. கரிசல் மண் வானம் பார்த்தது. மழை பொய்த்த மண்ணில் வேறு பிழைப்பு வேண்டியிருந்தது. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தமைக்குப் பின்னே அந்த வறட்சி நிற்கிறது. கண்மாய் பெருகினால் மனிதர் வயலுக்குச் செல்கின்றனர். பெருகாவிட்டால் கந்தகத்திற்குச் செல்கின்றனர். வேட்டங்குடியின் நாரையும் சிவகாசியின் தொழிலாளியும் எதிர்நோக்கி நிற்பது ஒரே மழையைத்தான்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியையும் பேரியம் கலந்த வெடியையும் தடுத்து, தீபாவளியன்று வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி அளவாகக் குறுக்கியது. அத்தீர்ப்பால் இங்கு எத்தனை வீடுகளில் உலை கொதிப்பது ஐயமாயிற்று என்பதை அவையோர் அறிவர். நாடு முழுவதையும் நோக்கி வந்த ஆணை அது. நேரத்தை மீறி வெடிப்போர் மீது ஆண்டுதோறும் வழக்குகள் பதிவாகின்றன. கொள்ளுக்குடிப்பட்டியில் ஆணையிட எவரும் தேவைப்படவில்லை. தமக்கு எதிரே தெரியும் கூட்டிற்காக, தம் எல்லைக்குள் மட்டும், அவ்வூரார் வெடியை விலக்கினர். பிறர் வெடிப்பதைத் தடுக்க அவர்கள் எங்கும் சென்றதில்லை.

தீபாவளியை ஒட்டி அரசுத் தரப்பில் இவ்வூரார்க்கு இனிப்பு வழங்கிப் பாராட்டுவது வழக்கமாகியுள்ளது. நல்ல வழக்கமே. ஆயினும் அண்டை ஊர் வானில் பூ விரிவதை வாசலில் நின்று பார்க்கும் சிறுவனுக்கு ஒரு பொட்டலம் இனிப்பு ஈடாகுமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஊரார்க்கு வேண்டுவது வேறு. வரத்துக்கால் தூர்ந்து, மழையும் பொய்த்த ஆண்டில் கண்மாய் வறண்டுவிடும். ஊர் எவ்வளவு அமைதி காத்தாலும் நாரை அங்கே இறங்காது. வரத்துக்காலைத் தூர் வாருவதும், ஆக்கிரமிப்பை அகற்றுவதும், கண்மாய்க்குள் கருவேல மரம் வைப்பதும் தனி ஓர் ஊரால் முடிகிற வேலைகள் அல்ல. பாராட்ட வரும் அதிகாரிகள் இனிப்புடன் மண்வெட்டியும் கொண்டு வந்தால் நாரைக்கும் உதவும், வயலுக்கும் உதவும்.