ஐம்பத்தொன்பது, இருபத்திரண்டு

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். "வேலை வாய்ப்பைப் பத்திப் பேசுங்க" என்றார்கள். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே ஐந்தாறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பேச வந்தது ஹாம் ரேடியோவைப் பற்றி. அதிலும் குறிப்பாக, பள்ளி கல்லூரி மாணவர்கள் தங்கள் கிளப் வழியாகக் கலந்துகொள்ளும் வானொலிப் போட்டிகளைப் பற்றி. நம் கல்லூரியில் அப்படி ஒரு கிளப் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஹாம் ரேடியோ என்பது தேர்வு எழுதி, அரசிடம் உரிமம் வாங்கி, லாப நோக்கமில்லாமல் தனிமனிதர்கள் நடத்தும் வானொலித் தொடர்பு. 2025-இல் நம் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தபோது, ஜூலை 4-ஆம் தேதி பெங்களூரு யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்தில் கூடியிருந்த மாணவர்களோடு பேசினார் அல்லவா, அது ஹாம் ரேடியோ வழியாகத்தான். நம் வாசல் வழியாகப் போகும் இதே நெடுஞ்சாலையில் வடக்கே மூன்று மணி நேரம் போனால் அந்த ஊர். விண்வெளி நிலையம் ஓர் ஊரின் வானத்தைக் கடக்க ஏறக்குறைய பத்து நிமிடம்தான் ஆகும். அதற்குள் கேள்வியும் பதிலும் முடிந்தாக வேண்டும். "ஓவர்" என்று சொல்லி மைக்கை விட்டுக்கொடுக்கத் தெரியாதவனுக்கு அந்தப் பத்து நிமிடம் போதாது.

"ஏம்பா, கையில செல்போன் இருக்கு. அமெரிக்காவுல இருக்கிற மச்சானை முகம் பார்த்துப் பேசறோம். இது எதுக்கு?" என்று என் உறவினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பேசுவதற்காக மட்டும் என்றால் இது தேவையே இல்லை. ஆனால் மச்சானோடு பேசும்போது நடுவில் கோபுரம், கடலடிக் கேபிள், கம்பெனி என்று ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள். ஹாம் ரேடியோவில் உங்கள் கம்பிக்கும் அவர் கம்பிக்கும் நடுவே வானத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. வேலை செய்யவில்லை என்றால் கஸ்டமர் கேருக்குப் போன் போட முடியாது. காரணத்தை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். பொறியியல் படிக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

என் காலத்து எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆறாவது செமஸ்டரில் ஆன்டெனா பாடம். யாகி-உடா படம் போட்டு, ரேடியேஷன் பேட்டர்ன் வரைந்து, 16 மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஆனால் நான்கு வருடத்தில் ஒரு முழக் கம்பியைக்கூட மொட்டைமாடியில் கட்டியதில்லை. நான் உரிமம் எடுத்ததே வேலைக்குப் போன பிறகுதான். 14 மெகாஹெர்ட்சுக்கு ஓர் அரை அலை டைபோல் என்றால் மொத்தம் பத்து மீட்டர் செப்புக் கம்பி. நடுவில் வெட்டிக் கேபிளைச் சேர்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவே கட்டிவிடலாம். அதில் முதல் குரல் கேட்ட அன்றுதான் அந்த 16 மதிப்பெண் என் கைக்கு வந்ததாக நினைக்கிறேன்.

சரி, போட்டி என்றால் என்ன? யார் அதிகத் தூரம் பேசுவது, யார் சத்தமாகப் பேசுவது என்பதல்ல. குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை நிலையங்களைத் தொட்டு, எத்தனை விவரங்களைப் பிழையில்லாமல் எழுதி வைக்கிறோம் என்பதுதான். உலகிலேயே பெரியது என்று சொல்லத்தக்கது சி.க்யூ. வேர்ல்ட் வைட் போட்டி. அக்டோபர் கடைசி முழு வார இறுதியில் பேச்சுக்கு, நவம்பர் கடைசி முழு வார இறுதியில் மோர்ஸுக்கு. நம் கடிகாரப்படி சனிக்கிழமை காலை 5.30-க்குத் தொடங்கி 48 மணி நேரம். இரண்டே விவரம் பரிமாற வேண்டும்: சிக்னல் எப்படி என்பதற்கு ஓர் எண், உங்கள் மண்டல எண். இந்தியா இருப்பது 22-ஆம் மண்டலம். ஆகவே நாம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது "ஐம்பத்தொன்பது, இருபத்திரண்டு." இரண்டு நாள் இதையே சொன்னால் தூக்கத்திலும் வரும்.

வேறு கண்டத்து நிலையம் என்றால் 3 புள்ளி. ஆசியாவிலேயே வேறு நாடு என்றால் 1. சொந்த நாட்டுக்காரரோடு பேசினால் புள்ளி பூஜ்யம். கிடைத்த புள்ளிகளை, தொட்ட நாடுகளும் மண்டலங்களும் சேர்ந்த எண்ணிக்கையால் பெருக்குவார்கள். இங்கேதான் நமக்கு ஓர் அதிர்ஷ்டம். அமெரிக்காவில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹாம்கள் இருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து போட்டியில் ஒலிப்பவர்கள் மிகக் குறைவு. ஆகவே இந்தியக் குரல் கேட்டால் கூட்டம் மொய்க்கும். பத்து இருபது பேர் ஒரே நொடியில் கத்துவார்கள். அந்தச் சந்தையிலிருந்து ஒருவனுடைய அழைப்புக் குறியின் கடைசி இரண்டு எழுத்தைப் பிடித்து, அவனை மட்டும் கூப்பிட்டு, மற்றவர்களைக் காத்திருக்க வைக்க வேண்டும். பேருந்து நிலையத்தில் சில்லறை கொடுக்கும் நடத்துநருக்குத்தான் இந்தத் திறமை இயல்பாக வரும்!

அதைவிட முக்கியமானது, பிறகு நடப்பது. எல்லோருடைய லாக் பதிவுகளையும் கணிப்பொறியில் ஒன்றோடு ஒன்று ஒப்பிடுவார்கள். ஓர் எழுத்தைத் தவறாக எழுதியிருந்தால் அந்தத் தொடர்பு போயிற்று. அதோடு விடுவதில்லை, அதன் புள்ளியைப் போல இரண்டு மடங்கு அபராதமும் உண்டு. ஆகவே கேட்டதாக நினைத்ததை எழுதக்கூடாது, கேட்டதைத்தான் எழுத வேண்டும். சந்தேகம் என்றால் "மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். வகுப்பில் புரியாவிட்டாலும் தலையாட்டிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கஷ்டம்.

இனி மாணவர் போட்டிக்கு வருகிறேன். அமெரிக்க ஹாம்களின் அமைப்பான ஏ.ஆர்.ஆர்.எல். ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் அக்டோபரிலும், ஸ்கூல் கிளப் ரவுண்டப் என்று ஒன்று நடத்துகிறது. மற்றப் போட்டிகள் சனி ஞாயிறில் என்றால் இது திங்கள் முதல் வெள்ளி வரை, பள்ளி நடக்கும் நாட்களில். மொத்தம் 107 மணி நேரம் திறந்திருக்கும். ஆனால் ஒரு நிலையம் 24 மணி நேரம்தான் இயங்கலாம், அதுவும் ஒரு நாளில் 6 மணிக்கு மேல் கூடாது. படிப்பு கெடக்கூடாது என்று யோசித்துப் போட்ட விதி. எனக்கு மிகப் பிடித்தது அதன் கணக்கு: தனி ஆளைத் தொட்டால் சாதாரணம்; ஒரு கிளப்பைத் தொட்டால் பெருக்குத் தொகையில் 2 கூடும்; ஒரு பள்ளியையோ கல்லூரியையோ தொட்டால் 5 கூடும். ஐம்பது வருட அனுபவமுள்ள பெரியவர்கள்கூட, திக்கித் திணறிப் பேசும் ஆறாம் வகுப்புப் பிள்ளையைத் தேடிப் போய்க் காத்திருப்பார்கள்.

ஐரோப்பியர்கள் தொடங்கிய யோட்டா போட்டியில் இன்னும் வேடிக்கை. அதில் பரிமாறுவது வயது. "பதினேழு", "முப்பத்தாறு", "எழுபத்தொன்று" என்று வயதைச் சொல்லிக்கொள்வார்கள். ஒவ்வொரு புதிய வயதும் பெருக்குத் தொகையில் ஒன்று. பெண்களிடம் வயது கேட்கக்கூடாது என்பார்கள். அங்கே கேட்காவிட்டால்தான் மதிப்பெண் போகும்.

அமெரிக்காவில், உரிமம் பெற்ற ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் உரிமம் இல்லாத மாணவனும் மைக்கில் பேசலாம். நம் நாட்டில் உரிமம் உள்ளவர்தான் பேச வேண்டும். ஆகவே நம் கிளப் தேர்விலிருந்துதான் தொடங்க வேண்டும். 12 வயது நிறைந்த யாரும் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு வானொலிக் கோட்பாடு, ஒழுங்குவிதிகள் என இரண்டு பகுதி. மோர்ஸ் தேவையில்லை. ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸும் வேண்டும். ரெண்டாம் வருஷ எலெக்ட்ரானிக்ஸ் மாணவனுக்குக் கோட்பாட்டுப் பகுதி பெரிய விஷயமே இல்லை. ஒழுங்குவிதிகளைத்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும். விண்ணப்பம் முதல் உரிமம் கைக்கு வரும்வரை மாதக்கணக்கில் ஆகலாம். அதனால்தான் ரெண்டாம் வருஷம் என்கிறேன். கடைசி வருஷத்தில் எழுதினால், உரிமம் வீட்டுக்கு வரும்போது அவன் கல்லூரியில் இருக்க மாட்டான். கல்லூரி கிளப்புகள் செத்துப் போவது பெரும்பாலும் இப்படித்தான். ஆர்வமான ஒரு பேட்ச் தொடங்கும், அந்த பேட்ச் போனதும் அறைக்குப் பூட்டு விழும்.

இப்போது ஓர் இடைஞ்சலான விஷயம். ரவுண்டப் தொடங்குவது நம் நேரப்படி திங்கள் மாலை 6.30. அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்போது காலை. பிள்ளைகள் பள்ளிக்கு வந்துகொண்டிருப்பார்கள். 14 மெகாஹெர்ட்சில் ஐரோப்பா நமக்கு நன்றாகக் கேட்பதும், அமெரிக்கா எட்டிப் பார்ப்பதும் அந்த இருட்டும் நேரத்தில்தான். பெரும்பாலான கல்லூரிகளில் மாணவியர் விடுதிக் கதவு சாத்துவதும் அதே நேரம். பகலில் மட்டும் கிளப் நடத்தினால், பாதிக் கல்லூரிக்கு அது தகவல் பலகையில் ஒட்டிய காகிதம்தான். முதல்வர் அவர்களும் விடுதிக் காப்பாளர் அம்மா அவர்களும் மேடையில் இருப்பதால் தைரியமாகக் கேட்கிறேன்: நிலையத்தை விடுதி மாடியிலேயே வைத்தால் என்ன? கம்பிக்கு ஆண் விடுதி, பெண் விடுதி தெரியாது.

2004 டிசம்பரில் போர்ட் பிளேரில் என்ன நடந்தது என்று தங்கைகளுக்குச் சொல்ல வேண்டும். ஹைதராபாத் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழு ஒன்று, பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் அந்தமான் போயிருந்தது. நோக்கம் மீட்புப் பணி அல்ல. அந்தமானிலிருந்து பல ஆண்டுகளாக ஹாம் குரலே கேட்காததால், உலகெங்கும் காத்திருந்தவர்களோடு முடிந்த அளவு தொடர்பு கொள்வதுதான். அதாவது, நான் சொன்ன அதே மொய்க்கும் கூட்டம், அதே வேகம். டிசம்பர் 26 காலை நிலம் நடுங்கியது, கடல் புகுந்தது, தொலைபேசி அறுந்தது. அந்தக் குழு அதே கருவியோடு அவசரத் தொடர்புக்கு மாறியது. உயிரோடு இருக்கிறார்கள், இன்ன இடத்தில் இருக்கிறார்கள் என்ற செய்திகள் தீவிலிருந்து கரைக்கு அந்த வழியே வந்தன. பெயரில் ஓர் எழுத்து மாறினால் கரையில் இருக்கும் குடும்பம் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தொப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் நம் கணவாயில் நடந்த அடுக்கு மோதல்களை மறந்திருக்க மாட்டீர்கள். பதற்றத்தில் போன் செய்கிறவர் "தொப்பூர்ல பெரிய ஆக்சிடென்ட்" என்பதோடு நிறுத்திவிடுவார். இரட்டைப் பாலத்துக்கு மேலயா கீழயா, சேலம் போற பக்கமா தர்மபுரி வர்ற பக்கமா, எத்தனை பேருக்கு அடி என்பதைக் கேட்டு வாங்குவதற்குள் நிமிடங்கள் போய்விடும். ஹாம் ரேடியோ வந்தால் கணவாயில் விபத்து நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. அது சாலைப் பொறியாளர்கள் செய்ய வேண்டிய வேலை. மூன்று விவரத்தை மூன்று நொடியில் தெளிவாகச் சொல்லவும் கேட்கவும் பழகிய நாற்பது பிள்ளைகள் இந்த ஊரில் இருந்தால் நல்லது என்றுதான் சொல்கிறேன்.

"சுத்தி மலையா இருக்கே, சிக்னல் போகுமா?" என்று ஒரு பேராசிரியர் கேட்டார். கையடக்க வி.எச்.எஃப். கருவிக்கு மலை தடைதான். அது நேர்க்கோட்டில் போவது. 14 மெகாஹெர்ட்ஸ் சிற்றலை வேறு. இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இறங்கும். மிகத் தாழ்வான கோணத்தில் போகும் அலையை மலை கொஞ்சம் தின்னும், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலாக நமக்கு நகரத்து மின் இரைச்சல் கிடையாது. சூரியனும் ஒத்துழைத்திருக்கிறது: சூரியச் சுழற்சி உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. உச்சத்தை ஒட்டிய ஆண்டுகளில் சிற்றலைகள் நன்றாகப் பயணம் செய்யும். தாமதித்தால் அடுத்த உச்சத்துக்குப் பதினோரு வருடம் காத்திருக்க வேண்டும்.

பணம்? வெளிநாட்டு செட் என்றால் ஒரு மோட்டார் சைக்கிள் விலை. ஆனால் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற கருவியின் சுற்றுப்படம் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. எளிதில் கிடைக்கும் டிரான்சிஸ்டர்களை வைத்து 14 மெகாஹெர்ட்சுக்குச் செய்தது. திறன் ஏழெட்டு வாட்டுக்குள்தான். ஆனால் உலகெங்கும் ஆட்கள் அதைச் சால்டர் செய்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மினி புராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை. காசு கொடுத்து வாங்கி வரும் புராஜெக்ட்டுகளைப் பற்றி இந்த மேடையில் பேச வேண்டாம்!

என் பேட்ச் நண்பர்கள் சேர்ந்து முதல் பத்து மாணவர்களின் தேர்வுக் கட்டணத்தையும், கம்பி, கேபிள் செலவையும் ஏற்கிறோம். அதில் ஐந்து பேராவது மாணவியராக இருக்க வேண்டும். எல்லோரும் ரெண்டாம் வருஷமாக இருக்க வேண்டும். கிளப் உரிமத்துக்குப் பொறுப்பேற்க, மாற்றலாகிப் போகாத ஆசிரியர் ஒருவர் வேண்டும். அதைக் கல்லூரிதான் தர வேண்டும்.

இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எலெக்ட்ரானிக்ஸ் பிளாக் மொட்டைமாடியில் கம்பி கட்டப் போகிறோம். ஏணி பிடிக்க ஆள் தேவை. மாலை ஆறரைக்கு ரிசீவரைப் போடுவோம். கேட்பதற்கு உரிமம் வேண்டாம். ஒரு பேனாவும் நோட்டும் கொண்டு வாருங்கள். மாணவியர் எட்டு மணி வரை இருக்கலாம் என்று காப்பாளர் அம்மா இப்போதுதான் தலையசைத்திருக்கிறார்கள்.