கடித்தவன் கேட்டது தண்ணீர்



ஒரு வீட்டில் ஐந்து வயதுப் பையன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் பக்கத்து அறையில் பிஸ்கட் பொட்டலம் பிரித்தால் ஓடி வருவான். காது நன்றாகக் கேட்கிறது. பேச்சுதான் வரவில்லை. பொம்மைக் காரை ஓட்டி விளையாட மாட்டான். கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டே இருப்பான்.

குக்கர் விசில் அடித்தால் போதும். காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். சுவரில் தலையை இடிப்பான். தடுக்கப் போனால் கடிப்பான். தாயின் கை முழுக்கப் பல் தடம்.

"செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்றது ஊர். சிலர் மந்திரிக்கச் சொன்னார்கள். அவள் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதை விட்டுவிட்டாள்.

அந்தப் பையனுக்கு இருப்பது ஆட்டிசம். 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதன்பின் பல ஆண்டுகள், தாயின் பாசம் போதாததுதான் காரணம் என்று படித்த மருத்துவர்களே சொன்னார்கள். ஊர்ப் பேச்சை விட அது பெரிய கொடுமை. அது தவறு என்று பிறகு தெரிந்தது. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. யார் வளர்ப்பிலும் குறை இல்லை. முழுதாகக் குணமாக்குகிறேன் என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

அந்தத் தாய் எழுத்து வகுப்பில் புதிதாக எழுதப் பழகியவள். ஒரு நோட்டுப் போட்டாள். பையன் அலறினால், கடித்தால், அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று எழுதினாள். ஏழு நாள் எழுதினாள். பிறகு படித்துப் பார்த்தாள்.

"குக்கர் விசில். அலறினான்."
"என் கையைப் பிடித்துப் பானைப் பக்கம் இழுத்தான். நான் போகவில்லை. கடித்தான். தண்ணீர் கொடுத்தேன். அடங்கினான்."

தண்ணீர்க் கடிதான் அதிகம். அவன் கேட்டிருக்கிறான். கேட்க வேறு வழி தெரியவில்லை.

அவள் ஓர் அட்டையில் தம்ளர் படம் வரைந்தாள். இன்னொன்றில் பிஸ்கட் உறையை ஒட்டினாள். அவன் பானையிடம் போனதும், பாட்டி பின்னால் நின்று அவன் கையைப் பிடித்து அட்டையைத் தாயிடம் கொடுக்க வைத்தாள். "தண்ணி" என்று ஒரே சொல் சொல்லி, தாய் உடனே கொடுத்தாள்.

"வாயால் சொன்னால்தான் தண்ணீர் என்று சொல்லேன், புள்ள. படத்தைக் காட்டியே பழகிவிட்டால் பேச்சு வராது" என்றாள் மாமியார்.

"வராத பேச்சைக் கேட்டால் கடிக்கத்தானே செய்வான், அத்தை?"

அட்டை காட்டுவதால் பேச்சு தடைபடாது. சில குழந்தைகளுக்குப் பேச்சு வரவும் அது உதவுகிறது.

குக்கர் விசிலுக்கு முன் பாட்டி அவனை வாசலுக்குக் கூட்டிப் போனாள். குளியல், சாப்பாடு, தூக்கம் எனப் படங்களை வரிசையாகச் சுவரில் ஒட்டினார்கள். வெளியே போகும் நாளில் முன்பே படம் காட்டினார்கள். அலறும் நேரத்தில் அடி இல்லை, அதட்டல் இல்லை. சுவருக்கும் தலைக்கும் நடுவே ஒரு தலையணை. ஒருநாள் காரணம் தெரியாமல் தலையை இடித்தான். பார்த்தால் சொத்தைப் பல். திடீரென்று புதிதாக இடித்தால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடி இன்னும் முழுதாக நிற்கவில்லை. ஆனால் ஓர் இரவு தூங்கிக்கொண்டிருந்த தகப்பன் கையில் ஏதோ பட்டது. விழித்துப் பார்த்தான். தம்ளர் அட்டை. பையன் நின்றுகொண்டிருந்தான்.

ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டாத, பெயர் சொன்னால் திரும்பாத குழந்தை இருந்தால் காத்திருக்க வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் காட்டலாம். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசமும் மாற்றுத்திறன் பட்டியலில் உள்ளது. சான்றிதழ் கேட்டுப் பெறலாம். அந்தத் தாய் போனபோது நோட்டையும் எடுத்துப் போனாள். மருத்துவர் முதலில் வாங்கிப் படித்தது அதைத்தான்.