கைவிடப்பட்ட கணிப்பொறிக்கு மென்பொருள் காப்போர்
(ஓர் உரையின் எழுத்து வடிவம்)



ஒரு கணிப்பொறியின் ஆயுளை அதன் மின்சுற்றுகள் மட்டும் நிர்ணயிப்பதில்லை. அதற்கு மென்பொருள் தருவோர் என்று கைவிரிக்கிறார்களோ, அன்றே அது முதுமை எய்திவிடுகிறது. அமெரிக்காவின் சிலிக்கான் கிராபிக்ஸ் பணிநிலையங்களுக்கு நேர்ந்தது இதுவே.

1993இல் வெளியான ‘ஜுராசிக் பார்க்’ திரைப்படத்தின் கணிப்பொறி விலங்குகள் இப்பொறிகளில் உருப்பெற்றன. மருத்துவப் படக் கருவிகளிலும் விமானப் பயிற்சிக் கருவிகளிலும் இவை இடம்பெற்றன. இவற்றை இயக்கியது ஐரிக்ஸ் என்னும் யூனிக்ஸ் முறைமை. 2006ஆம் ஆண்டு வெளிவந்த 6.5.30 அதன் இறுதிப் பதிப்பு. அவ்வாண்டின் முடிவில் உற்பத்தியும் நின்றது. 2013 டிசம்பரில் நிறுவனத்தின் ஆதரவும் முடிந்தது. பொறிகளோ ஓடிக்கொண்டிருந்தன.

இப்பொறிகளுக்காக ஆர்வலர்கள் ‘நெக்கோவேர்’ என்னும் தொகுப்பை உருவாக்கினர். வெளியுலகில் இலவசமாகக் கிடைக்கும் மூலநிரல்களை ஐரிக்ஸுக்கு ஏற்பத் திருத்தி, அம்முறைமையின் சொந்த நிறுவல் கருவி ஏற்கும் வடிவில் கட்டித் தருவதே அதன் பணி. சொல்வதற்கு எளிது. ஒரு படங்காட்டும் நிரல் வேண்டுமானால் அதற்கு ஐந்தாறு நூலகங்கள் வேண்டும். ஒவ்வொரு நூலகத்துக்கும் வேறு சில வேண்டும். இன்றைய நிரலாசிரியர்கள் லினக்ஸையே மனத்திற்கொண்டு எழுதுவதால், ஐரிக்ஸில் இல்லாத செயற்கூறுகளை இவர்களே எழுதிச் சேர்க்க வேண்டியுள்ளது. மேலும், மிப்ஸ் செயலி கொண்ட இப்பொறிகள் ஓர் எண்ணின் பெரும்பகுதியை நினைவகத்தில் முதலில் வைப்பவை. இன்றைய மேசைக் கணிப்பொறிகள் சிறுபகுதியை முதலில் வைக்கின்றன. இந்த வேறுபாட்டைக் கருதாத நிரல் பிழையின்றிக் கட்டப்பட்டுவிடும். ஓடும்போது படத்தின் நிறங்கள் மட்டும் இடம் மாறி நிற்கும். இத்தகைய பிழையைத் தேடிப் பிடிப்பதற்குப் பல மாலைப்பொழுதுகள் செலவாகின்றன, அதுவும் ஊதியமின்றி!

கட்டும் கருவியே இல்லாமற் போவது அடுத்த இடர். நிறுவனத்தின் மொழிமாற்றி உரிமச் சாவி கேட்கும். சாவி வழங்குவோர் இன்று இல்லை. இலவச மொழிமாற்றியான ஜி.சி.சி.யும் 2013இல் வந்த 4.8ஆம் பதிப்பில் ஐரிக்ஸை நீக்கிவிட்டது. பின்வந்த பதிப்புகளை ஆர்வலர்கள் தாமே ஒட்டுப்போட்டு இயக்குகின்றனர். நெக்கோவேருக்கு இடமளித்த தளமும் மூடப்பட்டது. பலர் தத்தம் வட்டுகளில் படி எடுத்து வைத்திருந்தமையால் தொகுப்புகள் பிழைத்தன. பின்னர் வந்த குழுவொன்று, லினக்ஸ் உலகின் ஆர்.பி.எம். முறையைக் கையாண்டு, கட்டும் வழிமுறைகளையும் மூலத்துடன் சேர்த்தே பாதுகாக்கிறது. என் கருத்தில் இதுவே சரியான வழி. கட்டி முடித்த நிரல் மட்டும் இருந்தால், கட்டியவர் விலகியதும் அதைத் திருத்த ஒருவரும் இரார்.

ஒன்றைக் கவனியுங்கள். ஐரிக்ஸுக்காக எழுதப்பட்ட எக்ஸ்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறையின் மூலத்தை நிறுவனம் திறந்து கொடுத்தது. அது லினக்ஸில் சேர்ந்து இன்றும் உலகெங்கும் சேவையகங்களில் வாழ்கிறது. முறைமையின் மூலமோ திறக்கப்படவில்லை. ஆதலால் பாதுகாப்புக் குறைகளை ஆர்வலர்கள் வெளியிலிருந்தே ஈடுசெய்ய வேண்டியுள்ளது; புதிய மறைகுறியீட்டு நூலகத்தைக் கட்டிச் சேர்த்தாலன்றிப் பல இணையதளங்கள் இப்பொறிகளுக்குத் திறப்பதில்லை.

இன்னொரு கெடுவும் காத்திருக்கிறது. நெக்கோவேர் தொகுப்புகள் நேரத்தை 32 இரும இலக்கங்களில் வைக்கும் முறையில் கட்டப்பட்டவை. அக்கணக்கு 2038 ஜனவரி 19ஆம் நாள் நிரம்பிவிடும்.  அவற்றைத் திருத்துவதற்கு ஒவ்வொன்றின் மூலமும் வழிமுறையும் கையில் இருக்க வேண்டும்.