மனதுக்கும் மருந்து வேண்டும்

(திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ் கற்போரிடையே ஆற்றிய உரை)

 

நம் ஊர் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. ஆர்.சி.சி. என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். அது 1981ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கேரளத்தின் பல மாவட்டங்களிலிருந்து அங்கே நோயாளிகள் வருகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் வருகிறார்கள். விடியற்காலையில் பஸ் ஏறுவார்கள். கையில் ஒரு ஃபைல் இருக்கும். தோளில் ஒரு பை இருக்கும். கூட வரும் ஆளின் முகத்தில் கவலை இருக்கும்.

அங்கே உடம்புக்கு மருந்து கொடுக்கிறார்கள். மனதுக்கு யார் மருந்து கொடுப்பது? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். கொரோனா காலம் இதை நமக்கு நன்றாகக் கற்றுக் கொடுத்தது.

இந்தியாவில் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில்தான் கண்டறியப்பட்டார். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. பஸ் இல்லை. ரயில் இல்லை. களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் தடுப்பு போட்டார்கள். நமக்கெல்லாம் ஒரு பயம் இருந்தது. புற்றுநோயாளிக்கோ இரண்டு பயம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா தொற்றிக்கொள்ளுமோ? இது ஒரு பயம்.

போகாமல் இருந்தால் புற்றுநோய் முற்றிவிடுமோ? இது இன்னொரு பயம்.

இரண்டு பயத்திலும் நியாயம் உண்டு. கீமோ மருந்து ஏற்றும்போது இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறையும். வெள்ளணுக்கள்தான் நம் உடம்பின் காவல்காரர்கள். காவல் குறைந்தால் எந்தத் தொற்றும் எளிதில் வரும். ஆனால் சிகிச்சையைப் பாதியில் விட்டாலும் ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று அவர்கள் தவித்தார்கள்.

அப்போது பலர் உதவிக்கு வந்தார்கள். கேரளத்தில் தீயணைப்புப் படையினர் நோயாளிகளின் வீடு வரை மருந்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மருத்துவர்கள் தொலைபேசியில் ஆலோசனை சொன்னார்கள். மாவட்ட மருத்துவமனைகளிலேயே கீமோ ஏற்ற ஏற்பாடு நடந்தது. எல்லை தாண்டி வர முடியாத கன்னியாகுமரி மாவட்ட நோயாளிகளுக்கு அவர்கள் மாவட்டத்திலேயே சிகிச்சை கிடைக்க ஆர்.சி.சி.யும் தமிழ்நாட்டு மருத்துவத் துறையும் கைகோர்த்தன.

மருந்து வீடு தேடி வந்தது. மனிதர்கள் வரவில்லை. அதுதான் பெரிய துன்பம்.

ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். முந்திரி ஆலையில் வேலை செய்தவர். மார்பில் புற்றுநோய். நான்கு முறை கீமோ ஏற்றியாகிவிட்டது. தலைமுடி கொட்டிவிட்டது. ஊரடங்கு வந்தது. அக்கம்பக்கத்தார் வருவது நின்றது. பேரப் பிள்ளைகளையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அந்தத் தாய் சாப்பாட்டைக் குறைத்தார். பேச்சைக் குறைத்தார். சுவரைப் பார்த்துப் படுத்தார்.

மகன் சொன்னான்: "அம்மா, ஒன்றும் ஆகாது. தைரியமாக இரும்மா."

அவன் அன்போடுதான் சொன்னான். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தாய் வாயே திறக்கவில்லை. தைரியமாக இரு என்று சொன்ன பிள்ளையிடம் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஒருநாள் மருமகள் முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். "அத்தை, உங்களுக்கு எதை நினைத்து ரொம்பக் கவலை?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாய் சொன்னார்: "நான் செத்தால் நாலு பேர் வரமாட்டார்களே மக்களே. யாரும் இல்லாமல் கொண்டுபோய்விடுவார்களே."

சொல்லிவிட்டு அழுதார். மருமகளும் அழுதாள். அன்று இரவு அந்தத் தாய் கஞ்சியும் பயறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நோய் போகவில்லை. வலியும் போகவில்லை. ஆனால் தனியாகச் சுமந்த பாரம் பாதியாகக் குறைந்தது.

இது ஒரே ஒரு வீட்டின் கதை இல்லை. எத்தனையோ வீடுகளில் இப்படி நடந்தது.

அதனால் சில விஷயங்களை நாம் மனதில் வைக்க வேண்டும்.

புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்க வேண்டாம். நமக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் நாம் தள்ளி இருக்க வேண்டும். அது அவரைக் காப்பதற்காக. இதை அவரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், வெறுத்து ஒதுக்குகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

நேரில் போக முடியாவிட்டால் போனில் பேசுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பேசுங்கள். அந்த நேரத்துக்காக அவர் காத்திருப்பார். புத்தி சொல்வதைக் குறையுங்கள். காது கொடுத்துக் கேளுங்கள்.

கீமோ ஏற்றிய பிறகு காய்ச்சல் வந்தால் மறைக்கக் கூடாது. கொரோனா என்று தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து அன்று காய்ச்சலை மறைத்தவர்கள் உண்டு. இது உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சோகமும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது கோழைத்தனம் இல்லை. அதற்கும் சிகிச்சை உண்டு. வாழவே வேண்டாம் என்று நோயாளி பேசினால் ஒருநாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது அரசின் மனநல உதவி எண். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

கேரளத்தில் வலி தணிப்புச் சேவை உண்டு. இதற்கென்று 2008ஆம் ஆண்டிலேயே அரசு ஒரு கொள்கை வகுத்தது. நர்சுகள் வீட்டுக்கே வருகிறார்கள். புண்ணுக்கு மருந்து வைக்கிறார்கள். உட்கார்ந்து பேசுகிறார்கள். உங்கள் வார்டின் ஆஷா பணியாளரிடம் கேட்டால் விவரம் சொல்வார்.

இன்னும் ஒன்று. நாம் எழுதப் படிக்கக் கற்றிருக்கிறோம். பஸ் பலகை படிக்க மட்டுமா அது? உங்கள் வீட்டு நோயாளிக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியதை அதில் எழுதச் சொல்லுங்கள். அவரால் முடியாவிட்டால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். மனதில் கிடந்து உருளும் பயத்தைத் தாளில் எழுதினால் அது ஒரு கேள்வியாகிவிடும். கேள்வி என்றால் யாரிடமாவது கேட்கலாம்.

கொரோனா அவசர நிலை முடிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. தடுப்புகளையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் நம் தெருவில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒருவர் இன்றும் இருக்கலாம்.

இன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவர் வாசலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். "எதை நினைத்து ரொம்பக் கவலை?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் பேசுவார்.