சுவரை வைத்துத்தான் சித்திரம்



வரவேற்பறையில் பெட்டி போன்ற பெரிய தொலைக்காட்சி. அதன் முன்னால் தரையில் அமர்ந்து, ஒரே விளையாட்டுக் கருவிக்காக அண்ணனும் தம்பியும் சண்டை போட்ட காலம் பலருக்கும் நினைவிருக்கும். அந்தப் பழைய வீடியோ விளையாட்டுகளின் சாயலில் இன்றைய இளைஞர்கள் புதிய விளையாட்டுகளை உருவாக்கி வருகிறார்கள். இதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை. இரண்டு மூன்று பேரும், ஆளுக்கொரு கணினியும் போதும்.

ஆனால், முதல் உருவத்தை வரைவதற்கு முன்பே அவர்கள் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். படத்தின் அகலம் எத்தனை புள்ளி? உயரம் எத்தனை புள்ளி? சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். இங்கே சுவர் என்பது திரை.

1983இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் கருவி, 256க்கு 240 புள்ளிகளில் படம் காட்டியது. 1989இல் வந்த கேம் பாய் 160க்கு 144. அன்றைய தொலைக்காட்சியின் அகல உயர விகிதம் 4:3. இன்றைய திரைகளோ பெரும்பாலும் 16:9. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சிறிய படத்தைப் பெரிய திரையில் காட்டும்போது ஒவ்வொரு புள்ளியையும் முழு எண்ணால் பெருக்க வேண்டும். 240 வரியில் வரைந்த படம் 1080 வரித் திரையை நிரப்ப வேண்டுமானால் நாலரை மடங்கு பெருக வேண்டும். அரைப் புள்ளியைக் காட்டத் திரைக்குத் தெரியாது. ஆகவே ஒரு வரி 4 புள்ளியாகவும் அடுத்த வரி 5 புள்ளியாகவும் விழும். கதாநாயகன் ஏணியில் ஏறும்போது அவன் முகமே நெளியும். மங்கலாக்கி மறைக்கலாம், ஆனால், படத்தின் கூர்மை போய்விடும்.

2018இல் வெளிவந்து புகழ்பெற்ற செலஸ்ட் விளையாட்டு 320க்கு 180 என்ற அளவைத் தேர்ந்தெடுத்தது. அதை 4ஆல் பெருக்கினால் 1280க்கு 720. 6ஆல் பெருக்கினால் 1920க்கு 1080. 12ஆல் பெருக்கினால் 3840க்கு 2160. புழக்கத்தில் இருக்கும் இந்த மூன்று திரை அளவுகளுக்கும் மிச்சமின்றிப் பொருந்துகிறது. 1280க்கு 800 கொண்ட கையடக்கக் கருவியில் மேலும் கீழும் 40 வரி மிஞ்சும். அங்கே கறுப்புப் பட்டை விட்டுவிடலாம். பட்டை ஒரு குறையல்ல. 4:3 படத்தை இழுத்து அகலத் திரையை நிரப்பினால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். வட்டமான பந்து முட்டையாகிவிடும். அதுதான் குறை.

இது அழகைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. ஆட்டமே மாறிவிடும். 240 வரி உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு 16:9 திரைக்கு விரித்தால் அகலம் 256இலிருந்து ஏறக்குறைய 427 ஆகும். எதிரி வெகு முன்னதாகவே கண்ணில் படுவான். திடுக்கிட வைக்கும் சுவை போய்விடும். உயரத்தை 180 ஆகக் குறைத்தாலோ, தாவிப் பிடிக்க வேண்டிய மேல்தளம் திரைக்கு வெளியே போய்விடும். விளையாடுபவர் குருட்டுத்தனமாகத் தாவி விழுவார். பழி அவர் மீது. தவறு திரையின் மீது.

தமிழில் உரையாடல் வைக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆங்கில எழுத்து 8க்கு 8 புள்ளிக் கட்டத்தில் அடங்கிவிடும். நம் எழுத்துக்கோ மேலே புள்ளியும் சுழியும், கீழே வாலும் உண்டு. ‘ஞ’வும் ‘ணு’வும் அந்தக் கட்டத்தில் மூச்சுத் திணறும். அவர்களுக்கு 640க்கு 360 பாதுகாப்பான அளவு. இல்லையென்றால், எழுத்தை மட்டும் திரையின் முழு நுணுக்கத்தில் காட்டலாம்.

ஓராண்டு உழைத்த பிறகு அளவை மாற்றினால், உருவங்கள், பின்னணி, தாவும் தூரம் என அனைத்தையும் மறுபடியும் செய்ய வேண்டும். சிறு குழு ஒன்று சோர்ந்து, பாதியிலேயே கைவிட இதுவே போதும். எனவே, முதல் நாளே ஒரு வெற்றுக் கட்டத்தையும் ஒரு வட்டத்தையும் வரைந்து, வீட்டில் இருக்கும் எல்லாத் திரைகளிலும் ஓடவிட்டுப் பாருங்கள். வட்டம் வட்டமாகவே இருந்து, நகரும்போது நெளியாமல் இருந்தால், உங்கள் சுவர் தயார்.

இனி சித்திரம் உங்கள் கையில்.