கும்பல் கலகமா? ஜாதிக் கொடுமையா?

(அனுமந்தன்பட்டியில் நடந்த சுயமரியாதைப் பிரசாரக் கூட்டத்தில் பேசியது)



ஒரு கும்பல் கூடி ஒரு தெருவுக்குள் புகுந்து வெட்டிக் கொளுத்தினால், அதைச் சாதாரணக் கலகமென்று தண்டிப்பதா, அல்லது ஜாதித் துவேஷக் குற்றமென்று அதற்கென்று உள்ள தனிச் சட்டப்படித் தண்டிப்பதா என்பதே இன்று நாம் பேச வந்த விஷயம். "வெட்டு வெட்டுதானே, இதில் ஜாதியை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. சுடுகாட்டையே இரண்டாக வைத்துக்கொண்டிருக்கிற ஊர்களிலிருந்து இந்தக் கேள்வி வருவதுதான் வேடிக்கை!

1989 செப்டம்பரில் போடியில் நடந்த கலகம் உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகமிருக்கும். அதே மாதத்தில்தான் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் டில்லியில் ஒப்புதல் பெற்றது. பத்து வருஷமோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தை, ஒருவர் தாழ்த்தப்பட்டவர் என்ற காரணத்தினால் அவர்மேல் செய்தால் ஆயுள் தண்டனை என்றது. ஆனால் "என்ற காரணத்தினால்" என்றிருக்கிறதே, அது யானை நுழையும் ஓட்டை.

2006 செப்டம்பர் 29-ல் மகாராஷ்டிரத்தில் கயர்லாஞ்சி என்ற கிராமத்தில் தாழ்த்தப்பட்ட குடும்பமொன்றின் தாய், மகள், இரண்டு மகன்கள் ஆக நால்வரை ஊர்க்கும்பல் கொன்றது. 2008-ல் கீழ்க்கோர்ட்டு எட்டுப் பேரைக் குற்றவாளிகள் என்றது. ஆனால் வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது என்றது. 2010-ல் ஹைகோர்ட்டும் இது பழிவாங்கலே, ஜாதியல்ல என்றது. அந்த அம்மையார் அதற்குமுன் ஓர் அடிதடிக் கேஸில் அடித்தவர்களை அடையாளம் காட்டியிருந்தாராம்!

தகராறு இல்லாமல் எந்த ஊரில் ஜாதிக் கலகம் நடந்தது என்று நாம் கேட்கிறோம். 1968 டிசம்பர் 25-ல் கீழவெண்மணியில் ஒரே குடிசையில் 44 உயிர்கள் வெந்ததற்கு முன்னே கூலித் தகராறு. 1997 ஜூன் 30-ல் மேலவளவுப் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் கூட வந்தவர்களும் வெட்டப்பட்டதற்கு முன்னே தேர்தல் தகராறு. ஒரே ஜாதிக்குள் வரப்புத் தகராறு வந்தால் வரப்புக்காரனோடு சண்டை. கீழே தள்ளி வைக்கப்பட்டவனோடு வந்தாலோ, அந்த வரப்பைக் கண்ணால் பார்த்திராத கிழவியின் கூரையும் எரிகிறது. அவள் செய்த குற்றம் என்ன? அந்தத் தெருவில் பிறந்ததுதானே!

உங்கள் ஊர்ப் பெயரில் இருக்கிற அனுமார் நெஞ்சைப் பிளந்து உள்ளே இருந்ததைக் காட்டினாராம். கூண்டில் நிற்கிறவன் எவனும் அப்படிக் காட்டப்போவதில்லை. ஆகவே நெஞ்சில் என்ன இருந்தது என்று தேடாமல், யாரைத் தேர்ந்தெடுத்து அடித்தான், எந்த வீட்டை விட்டுவிட்டு எந்த வீட்டைக் கொளுத்தினான் என்று பார்ப்பதே பகுத்தறிவு. இதை உணர்ந்தோ என்னவோ, 2015-ல் சட்டத்தைத் திருத்தி, தாழ்த்தப்பட்டவர் என்று தெரிந்து செய்தாலே போதும் என்றார்கள். கிராமத்தில் யார் என்ன ஜாதியென்று தெரியாதது கைக்குழந்தை மட்டுந்தான். அல்லாமலும், நிலத்தகராறு முதலியவற்றின் தொடர்ச்சியாக ஒரு கும்பல் குற்றம் செய்தது ருசுவானால், கும்பல் முழுவதற்கும் பொது எண்ணம் இருந்ததாகவே அனுமானிக்க வேண்டும் என்று அச்சட்டத்தில் முதலிலிருந்தே உண்டு. தகராறு இருந்தால் ஜாதி இல்லை என்று வாதிப்பவர்கள் இதை ஏன் படிப்பதில்லை?

இப்போது 2024 ஜூலை முதல், வாயில் நுழையாத வடமொழிப் பெயரோடு வந்திருக்கும் பாரதீய நியாய சன்ஹிதாவில், ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி இனம், ஜாதி, மொழி முதலிய காரணத்தால் கொலை செய்தால் மரணமோ ஆயுளோ தண்டனை என்று போட்டிருக்கிறார்கள். சந்தோஷந்தான். ஆனால் அடைத்த ஓட்டையை, "காரணத்தால்" என்ற அதே சொல்லால் மறுபடியும் திறந்திருக்கிறார்கள். மதம் என்ற சொல்லை மட்டும் அந்த ஜாபிதாவில் காணோம். சொந்த நம்பிக்கை என்று மழுப்பியிருக்கிறார்கள்.

"எங்கள் ஜாதியையே குற்றவாளியாக்குகிற சட்டம் இது" என்கிறார்கள் சிலர். அப்படிப்பட்ட சட்டம் எது என்று இந்தப் பள்ளத்தாக்குக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் போட்ட குற்றப்பரம்பரைச் சட்டம்தான் அது. பிறப்பைக் கொண்டே பிரமலைக் கள்ளர்களிடம் கைரேகை வாங்கியது. அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது. எந்த ஜாதியார் முழுவதையும் கலகக்காரரென்று நாம் சொன்னாலும் அந்தச் சட்டத்தையே திரும்பக் கொண்டுவந்தவர்களாவோம். ஆனால் பிறப்பைப் பார்த்துத் தாத்தாவின் கைரேகையை வாங்கியது அநியாயமென்றால், பிறப்பைப் பார்த்து ஒரு தெருவைக் கொளுத்துவது எந்த நியாயம்?

சாராயக் கடையில் இரண்டு ரவுடிக் கூட்டம் மோதிக்கொண்டால் அதற்கு இந்தச் சட்டம் வேண்டாம். 1982-ல் வந்த குண்டர் சட்டம் இருக்கிறது. தெருவைப் பார்த்து வந்த கும்பலை மட்டும் "இரு தரப்பு மோதல்" என்று ஸ்டேஷனில் எழுத விடாதீர்கள். யார் வீடு எரிந்தது, யார் வீடு தப்பியது, என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதை முதல் மனுவிலேயே எழுதிக் கொடுங்கள். இந்தக் கேஸை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும். வேண்டுமென்றே கடமையைச் செய்யாத உத்தியோகஸ்தர் தாழ்த்தப்பட்டவராகவோ பழங்குடியாகவோ இல்லாவிட்டால், அவருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஜெயில் என்று அச்சட்டத்தின் நான்காம் பிரிவில் இருப்பதையும் அவருக்கு மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள்.